தவறினாலும் பற்றாத பொறி

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சிங்கப்பூர் நண்பர்களுக்கு இது இரவு, டொரொண்டோ நண்பர்களுக்குக் காலை. எனக்கு இங்கே வேல்ஸில் மதியம் இரண்டு மணி. நைட் ட்யூட்டி முடித்துத் தூங்கி எழுந்து வந்திருக்கிறேன். குரல் கரகரத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை எழுதும் அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். நான் பேசப்போவது, ஒரு கதை எழுத முடியாமல் நின்றுபோன அனுபவம். அந்தக் கதையில் ஒரு மின்சார மணி வருகிறது. அது அடித்ததால் சுரங்கம் வெடித்தது என்று ஒரு பாத்திரம் சொல்ல வேண்டும். எழுதும்போதுதான் உறைத்தது, ஒரு மணி எப்படி வெடிக்கவைக்கும் என்று எனக்கே தெரியாது. தெரியாததைப் பாத்திரத்தின் வாயில் வைத்தால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். கதையை மூடிவைத்துவிட்டு மணியைப் படிக்க ஆரம்பித்தேன். படித்தது கதைக்கு உதவியதோ இல்லையோ, என் வேலையை நான் பார்க்கும் விதத்தை மாற்றியது. அதைத்தான் இன்று பகிர்ந்துகொள்கிறேன்.

நான் டிப்ளமோ படித்த நர்ஸ். பொறியாளர் இல்லை. என் கணவர் பல வருடங்கள் குவைத்தில் எண்ணெய்த் துறையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியனாக இருந்தவர். நான் சொல்லும் கணக்குகளை அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சரிபார்த்தார். மணியை எனக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர் வேறு ஒருவர்.

சில வருடங்களுக்கு முன் என் வார்டில் ஒரு முதியவர் இருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். தூசி படிந்த நுரையீரல். இரண்டு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்குவார். ஒருநாள் இரவு நோயாளிகள் எங்களைக் கூப்பிடும் மணிப் பொத்தானைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நர்ஸ், இந்த மாதிரி ஒரு மணிதான் செங்ஹெனித்தில் எல்லாரையும் கொன்றது என்று சொல்வார்கள், தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். மறுநாளைய சாப்பாட்டுக்கு டிக் அடித்துக்கொடுக்கும் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், ஒரு சுத்தியல் வரைந்தார். அந்தத் தாள்தான் என் ஆரம்பப் பாடம்.

*

செங்ஹெனித் என்பது கார்டிஃப் நகருக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் சிற்றூர். அங்கே யுனிவர்சல் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1901-ல் அங்கே ஒரு வெடிப்பில் 81 பேர் இறந்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, 1913 அக்டோபர் 14-ஆம் தேதி காலை எட்டு மணி தாண்டியதும் மறுபடி வெடித்தது. 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். மீட்கப் போனவர்களில் ஒருவரும் இறந்தார். இறந்தவர்களில் பதினான்கு வயதுப் பையன்கள் உண்டு. பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய சாவு இல்லை.

நிலக்கரி இருக்கும் இடத்தில் மீத்தேன் வாயு கசியும். காற்றில் அது ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வெடிக்காது, பதினைந்துக்கு மேலே போனாலும் வெடிக்காது. நடுவில்தான் ஆபத்து. அந்தக் கலவையைப் பற்றவைக்க ஏதோ ஒன்று வேண்டும். தலைமைச் சுரங்க ஆய்வாளர் ரெட்மெய்ன் தலைமையில் விசாரணை நடந்தது. பற்றவைத்தது எது என்று உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. ஆனால் பலமான சந்தேகம் சிக்னல் மணிக் கருவியின் மின்பொறி மீது விழுந்தது.

அந்தக் காலத்துச் சிக்னல் ஏற்பாடு இதுதான். சுரங்கப் பாதையில் நிலக்கரி ஏற்றிய வண்டிகளைக் கயிறு கட்டி ஒரு எஞ்சின் இழுக்கும். எஞ்சின்காரருக்கு வண்டி கண்ணில் படாது. அதனால் பாதை நெடுக இரண்டு வெற்றுக் கம்பிகள் ஓடும். நடுவில் எங்கே நிற்கிற தொழிலாளியும் ஒரு இரும்புத் துண்டால் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் எஞ்சின் அறையில் மணி அடிக்கும். எத்தனை முறை அடிக்கிறது என்பதை வைத்து நிறுத்து, இழு என்று அர்த்தம். மின்சாரம் வருவது சில பேட்டரி செல்களிலிருந்து. கையால் தொட்டாலும் ஷாக் அடிக்காது. ஆளுக்கு ஆபத்தில்லாத மின்சாரம் வாயுவுக்கும் ஆபத்தில்லாதது என்று எண்ணிக்கொண்டார்கள். இந்த எண்ணம்தான் தவறு.

*

தவறு எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ள, ஒரு பொறிக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று பார்க்க வேண்டும். மீத்தேன் கலவையைப் பற்றவைக்கத் தேவையான மிகக் குறைந்த சக்தி சுமார் 0.28 மில்லிஜூல். இந்த எண் எனக்கும் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு கிராம் எடையுள்ள பொருளை, மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மேலே தூக்கச் செலவாகும் சக்தி அது. ஹைட்ரஜனுக்கு 0.02 மில்லிஜூல் போதும். அதே ஒரு கிராமை இரண்டு மில்லிமீட்டர் தூக்குகிற அளவு.

குளிர்காலத்தில் ஸ்வெட்டரோடு காரிலிருந்து இறங்கிக் கதவைத் தொட்டால் சுருக்கென்று அடிக்குமே, வெளிநாட்டில் வாழும் நம் எல்லாருக்கும் அது பழக்கம். நன்றாக உறைக்கிற அந்த அடியில் சில மில்லிஜூல் இருக்கும். மீத்தேனுக்குத் தேவையானதைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

இதை வாசித்தபோது என் பயிற்சிக் காலம் ஞாபகம் வந்தது. எங்கள் தியேட்டர் சிஸ்டர் வயதானவர். அறுவை அரங்குக்குள் நைலான் துணி கூடாது, ரப்பர் செருப்பு எது கிடைத்தாலும் போட்டு வரக் கூடாது என்று சத்தம் போடுவார். ஏதோ பழைய பழக்கம் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். ஈத்தரும் சைக்ளோப்ரொப்பேனும் மயக்க மருந்தாக இருந்த காலத்தில் அறுவை அரங்கே வெடிக்கக்கூடிய இடம். ஆக்சிஜனும் சேர்ந்தால் பற்றவைக்கத் தேவையான சக்தி இன்னும் பல மடங்கு குறையும். அதனால்தான் உடலில் சேரும் மின்னேற்றம் மெல்லத் தரைக்கு இறங்கிப்போகும்படி தரையையும் செருப்பையும் தயாரித்தார்கள். 1956-ல் எரியாத மயக்க மருந்தான ஹாலோத்தேன் புழக்கத்துக்கு வந்தபின் அந்த ஆபத்து குறைந்துகொண்டே போனது. சிஸ்டர் சொன்னது பழக்கமில்லை, வேதியியல். இருபது வருடம் கழித்துத்தான் புரிந்தது.

சரி, மணிக்கு வருவோம். பேட்டரி சிறியது. பிறகு இவ்வளவு பொறி எங்கிருந்து?

மணிக்குள் இரும்பைச் சுற்றிய ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. மின்சாரம் ஓடியதும் அது காந்தமாகிச் சுத்தியலை இழுக்கும். சுத்தியல் நகர்ந்ததும் மின்சாரம் போகும் தொடர்பு துண்டிக்கப்படும். காந்தம் செத்துவிடும், ஸ்பிரிங் சுத்தியலைத் திருப்பிவிடும், மறுபடி தொடர்பு. ட்ரிங் என்று நாம் கேட்பது, ஒரு நொடிக்குள் பல முறை நடக்கும் இந்தத் துண்டிப்பும் இணைப்பும்தான்.

துண்டிக்கும் நேரத்தில்தான் சிக்கல். ஆஸ்பத்திரி வராந்தாவில் கனமான நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். மெதுவாகத்தான் தள்ளினீர்கள், ஆனால் ஓடத் தொடங்கிய ஸ்ட்ரெச்சரைச் சட்டென்று நிறுத்த முடியாது. நிறுத்தினால் கையைத் தூக்கிவாரிப்போடும். கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டமும் அப்படித்தான். அது காந்தப்புலமாகச் சக்தியைச் சேர்த்து வைத்திருக்கிறது. தொடர்பை அறுத்ததும் அந்தச் சக்தி போக வழியில்லாமல் இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது. அதுதான் பொறி. பேட்டரி கொடுத்தது கொஞ்சம் கொஞ்சமாக. சுருள் கொட்டுவது ஒரே நொடியில்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. சுருளின் தூண்டல் அளவை மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதி. 95 மில்லிஹென்றி சுருளில் 110 மில்லிஆம்பியர் ஓடினால் சுமார் 0.57 மில்லிஜூல் வருகிறது. மீத்தேனுக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்கு. 110 மில்லிஆம்பியர் என்பது ஒரு சின்ன டார்ச் பல்பு எரியும் அளவு மின்னோட்டம், அவ்வளவுதான்.

பெரியவர் தாளில் சுருளின் மேல் வட்டம் போட்டுக் காட்டியது இதைத்தான். "எல்லாரும் பேட்டரியைப் பார்த்தார்கள். இதைப் பார்க்கவில்லை."

*

இதற்குப் பிறகு சட்டம் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். சுரங்கத்தின் காற்றோட்டத்தைத் திருப்பிவிடும் வசதி இருக்க வேண்டும் என்று 1911-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. கெடு நீட்டித்துக் கொடுத்தும் அங்கே அது செய்யப்படவில்லை. மேலாளர் மீதும் நிறுவனத்தின் மீதும் வழக்கு நடந்தது. மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம். நிறுவனத்துக்கு, மேல்முறையீட்டுக்குப் பிறகு, 10 பவுண்டு. மேலாளரின் அபராதத்தை இறந்தவர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு ஷில்லிங் ஒரு பென்னிக்குச் சற்றுக் கூட. அன்றைக்கே பத்திரிகையில் இப்படிக் கணக்குப் போட்டார்கள்.

ஆனால் சட்டத்தைத் தாண்டி வேறு ஒன்றும் நடந்தது. ஆர். வி. வீலர், டபிள்யூ. எம். தார்ன்டன் போன்றவர்கள் மணியைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு மின்னோட்டம், எப்படிப்பட்ட சுருள் இருந்தால் மீத்தேன் பற்றுகிறது, எதற்குக் கீழே பற்றுவதில்லை என்று அளந்தார்கள். சுருளுக்குப் பக்கத்திலேயே ஒரு மின்தடையை இணைத்துவிட்டால், தொடர்பு அறும்போது சுருளின் சக்தி இடைவெளிக்குப் போகாமல் அந்தத் தடை வழியாகச் சுற்றித் தணிந்துவிடும் என்று காட்டினார்கள். மணி அப்போதும் அடிக்கும். பொறியும் வரும். ஆனால் அந்தப் பொறியால் மீத்தேனைப் பற்றவைக்க முடியாது.

எல்லாப் பொறியும் பற்றவைப்பதில்லை என்பதுதான் இந்தக் கண்டுபிடிப்பின் உயிர். ஈர விறகில் ஒரு தீக்குச்சியைக் கிழித்து வைத்தால் என்ன ஆகும்? குச்சி எரிந்து அணையும், விறகு பிடிக்காது. பொறியைச் சுற்றி முதலில் உண்டாகும் தீத்துளி ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வளர வேண்டும். வளர்வதற்குள் சுற்றியிருக்கும் உலோகமும் குளிர்ந்த வாயுவும் அதன் சூட்டை உறிஞ்சிவிட்டால் அது அணைந்துபோகும். தீத்துளிக்கு வளரப் போதுமான சக்தியைக் கொடுக்காமலே வைத்திருக்கலாம்.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைத் தமிழில் 'உள்ளார்ந்த பாதுகாப்பு' என்று சொல்லலாம். பெயரில் இலக்கிய நண்பர்கள் கவனிக்க ஒன்று இருக்கிறது. பாதுகாப்பு மேலே போர்த்தியது இல்லை, பொருளின் சுபாவத்திலேயே இருப்பது. மற்ற முறைகள் வேறு. தடித்த இரும்புப் பெட்டிக்குள் சுவிட்சைப் பூட்டி, உள்ளே வெடித்தாலும் தீ வெளியே வராமல் தடுக்கிற முறை உண்டு. அது நல்ல முறைதான், ஆனால் பெட்டியின் மூடி சரியாக மூடியிருக்க வேண்டும். உள்ளார்ந்த பாதுகாப்பில் மூடியைத் திறந்து வைத்து, கம்பியை அறுத்து, இரண்டு முனைகளையும் உரசினாலும் ஒன்றும் ஆகாது. இதற்கான பிரிட்டிஷ் தரநிலை 1945-ல் வந்தது. இன்று உலகம் முழுக்கப் பின்பற்றுவது ஐஇசி 60079-11 என்ற தரநிலை.

*

இப்போது ஒரு மின்சுற்றை இப்படி வடிவமைப்பது எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தான பகுதியில் ஒரு தொட்டி. அதன் அழுத்தத்தை அளக்க ஒரு கருவி. தூரத்தில் பாதுகாப்பான கட்டுப்பாட்டு அறை. நடுவே இரண்டு கம்பிகள். கருவிக்குச் சக்தி கொடுப்பதும் அது அனுப்பும் செய்தியைக் கொண்டுவருவதும் அதே கம்பிகள்தான். கட்டுப்பாட்டு அறையில் அந்தக் கம்பிகள் கிளம்பும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். பேரியர் என்று சொல்வார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் மாதிரி.

பேரியருக்குள் மூன்று பொருள்கள். முதலில் ஒரு ஃப்யூஸ். அடுத்து ஜீனர் டையோடுகள், இவை மின்னழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் மிச்சத்தைத் தரைக்குத் திருப்பிவிடும். கடைசியில் ஒரு மின்தடை, எவ்வளவு முயன்றாலும் ஒரு அளவுக்கு மேல் மின்னோட்டத்தை விடாது. கட்டுப்பாட்டு அறையில் யாரோ தவறுதலாக 230 வோல்ட்டை இந்தக் கம்பியில் கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். டையோடுகள் அதைத் தரைக்குத் தள்ளும், அவை எரிந்துபோவதற்குள் ஃப்யூஸ் அறுந்துவிடும். தொட்டிப் பக்கம் செய்தியே போகாது.

பரவலாகப் பயன்படும் ஒரு பேரியரின் கணக்கு: 28 வோல்ட், 300 ஓம். வெளியே கம்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால்கூட ஓடக்கூடியது 93 மில்லிஆம்பியர்தான். மொத்தமாக எடுக்கக்கூடிய திறன் சுமார் 0.65 வாட். இதில் மோட்டார் ஓட்ட முடியாது, வெளிச்சமான விளக்கு எரிக்க முடியாது. அளப்பதற்கும் சொல்வதற்கும் போதும். இந்த முறையின் எல்லை அது.

பேரியர் வைத்தால் முடிந்ததா என்றால் இல்லை. பெரியவர் சொன்ன பாடம் இங்கேதான் வருகிறது: கொடுப்பவரை மட்டும் பார்க்கக் கூடாது, வழியில் சேர்த்துவைப்பவரையும் பார்க்க வேண்டும். கருவிக்குள் சுருள் இருந்தால் அது சேர்க்கும். கெப்பாசிட்டர் இருந்தால் அதுவும் சேர்க்கும். மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக நிரம்பிய தண்ணீர்த் தொட்டியை ஒரே அடியில் கவிழ்த்தால் எப்படி இருக்கும், அப்படி அது கொட்டும். எனக்கு வியப்பாக இருந்தது, நீளமான கேபிளே ஒரு கெப்பாசிட்டர் என்பது. பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு கம்பிகள் தம் நீளம் முழுக்கக் கொஞ்சம் மின்னேற்றத்தை வைத்திருக்கும். மீட்டருக்கு 200 பிக்கோஃபாரட் என்று எடுத்துக்கொள்வார்கள். ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் 28 வோல்ட்டுக்கு அனுமதி 83 நானோஃபாரட். கருவிக்குள்ளேயே 10 போய்விட்டால் மிச்சம் 73. ஆக 365 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம். அதே 28 வோல்ட்டுக்கு, ப்ரொப்பேன் மாதிரியான வாயுக்கள் இருக்கும் இடத்தில் அனுமதி சுமார் 26 மடங்கு அதிகம். எந்த வாயு என்று தெரியாமல் எந்தக் கணக்கும் போட முடியாது.

கருவியின் மேல் ஐந்து எண்கள் எழுதியிருக்கும்: நான் தாங்கும் மின்னழுத்தம், மின்னோட்டம், திறன், எனக்குள் இருக்கும் கெப்பாசிட்டன்ஸ், இண்டக்டன்ஸ். பேரியரிலும் ஐந்து எண்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். என் கணவர் இதை விளக்கியபோது, "ஜாதகம் பார்க்காத வீட்டில் பிறந்து இப்போது பொருத்தம் பார்க்கிறோம்" என்று சிரித்தார். ஐந்தில் ஒன்று பொருந்தாவிட்டாலும் சம்பந்தம் கிடையாது.

சூட்டையும் பார்க்க வேண்டும். பொறியே இல்லாமல், ஒரு சின்னப் பாகம் அதிகமாகச் சூடேறினாலும் வாயு பற்றும். அதனால் கருவிகளுக்கு வெப்ப வகுப்பு உண்டு. டி4 என்றால் எந்த மேற்பரப்பும் 135 டிகிரியைத் தாண்டாது. டி6 என்றால் 85.

இதையெல்லாம் காகிதத்தில் நம்பிவிடுவதில்லை. நிஜமாகவே பற்றவைத்துப் பார்க்கும் ஒரு கருவி இருக்கிறது. ஒரு அறைக்குள் வெடிக்கும் கலவையை நிரப்பி, சுழலும் காட்மியத் தட்டின் மேல் மெல்லிய டங்ஸ்டன் கம்பிகளை உரசவிடுவார்கள். மின்சுற்று நூற்றுக்கணக்கான முறை இணைந்து துண்டிக்கும். ஒருமுறைகூடப் பற்றக் கூடாது. அதிலும் உள்ளதை உள்ளபடி சோதிப்பதில்லை, ஒன்றரை மடங்கு கூட்டித்தான் சோதிப்பார்கள்.

*

இப்போது சொல்வதுதான் எனக்கு முக்கியம்.

இந்தத் தரநிலையில் தவறுகளை எண்ணுகிறார்கள். எல்லாம் சரியாக இருக்கும்போது மட்டும் பாதுகாப்பு என்றால் அது கடைசித் தரம். ஒரு தவறு நடந்தாலும் பாதுகாப்பு என்றால் அடுத்த தரம். இரண்டு தவறுகள் ஒரே நேரத்தில் நடந்தாலும், அவை இருப்பதிலேயே மோசமான இரண்டாக இருந்தாலும், பற்றாது என்றால்தான் முதல் தரம். வாயு எப்போதும் இருக்கும் இடத்தில் அந்த முதல் தரத்துக்கு மட்டுமே அனுமதி. அதனால்தான் ஒரு டையோடு போதும் என்கிற இடத்தில் இரண்டு, மூன்று வைக்கிறார்கள். மின்தடையை அது கெட்டால் மின்சாரம் நின்றுபோகிற மாதிரியான வகையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், கெட்டு அதிகமாக விடுகிற வகை கூடாது. எப்படிக் கெட்டுப்போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள்.

இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

படிப்பு முடித்த முதல் வருடம். ஊரில் ஒரு மருத்துவமனை. இரவுப் பணி, முப்பதுக்கும் மேல் நோயாளிகள், நானும் ஒரு சீனியர் அக்காவும். ஒரு பெண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட வேண்டும். பொடியைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலை எடுத்தேன், உடைத்தேன், சிரிஞ்சில் இழுத்தேன். அக்கா அந்தப் பக்கமாக வந்தவர் தட்டில் கிடந்த உடைந்த ஆம்பூலைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து சிரிஞ்சை வாங்கினார். அது பொட்டாசியம் குளோரைடு. இரண்டு ஆம்பூலும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தட்டில் பக்கத்துப் பெட்டிகள். நீர்க்காத பொட்டாசியத்தை நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அக்கா ஒரு நிமிடம் தாமதமாக வந்திருந்தால் நான் இன்று உங்கள் முன் இருக்க மாட்டேன். அந்தப் பெண்ணும் எங்கேயும் இருந்திருக்க மாட்டாள்.

மறுநாள் எனக்கு மெமோ கொடுத்தார்கள். இனிமேல் கவனமாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நானும் அழுதுகொண்டே போட்டேன். ஆம்பூல்கள் அதே தட்டில் அதே இடத்தில் இருந்தன.

பல வருடம் கழித்து இந்த நாட்டுக்கு வந்தபோது, வார்டில் பொட்டாசியம் ஆம்பூலைத் தேடினேன். இல்லை. 2002-ல் இங்கே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டு, அடர்ந்த பொட்டாசியத்தைச் சாதாரண வார்டுகளிலிருந்தே எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். தேவைப்பட்டால் ஏற்கெனவே நீர்த்த பையாகத்தான் வரும். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும் சிரிஞ்சும் அப்படி. அதன் முனை நரம்பு ஊசிக் குழாயில் பொருந்தவே பொருந்தாது. எவ்வளவு களைப்பாக இருந்தாலும், எத்தனை மணி நேரம் நின்றிருந்தாலும், தவறாகச் சொருக முடியாது.

அன்றைக்கு அதை வசதி என்று மட்டும் நினைத்தேன். பேரியரைப் பற்றிப் படித்தபின்தான் இரண்டும் ஒரே யோசனை என்று புரிந்தது. சுரங்கத் தொழிலாளியிடம் 'பொறி வராமல் மணியடி' என்று சொல்லிப் பயனில்லை. பொறி வரத்தான் செய்யும். கொடுக்கும் சக்தியைக் குறைத்துவிட்டால் பொறி வந்தாலும் ஆள் பிழைப்பான். நர்ஸிடம் 'தவறாதே' என்று சொல்லிப் பயனில்லை. முப்பது நோயாளியோடு இரவு மூன்று மணிக்கு அவள் ஒருநாள் தவறத்தான் செய்வாள். அவள் கைக்கு எட்டும் இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

சின்ன வயதிலிருந்து தினமும் சொல்லும் கர்த்தருடைய ஜெபத்தில் ஒரு வேண்டுதல் உண்டு. சோதனையை ஜெயிக்கப் பலம் கொடு என்று அங்கே கேட்பதில்லை. சோதனைக்குள்ளேயே கொண்டுபோக வேண்டாம் என்றுதான் கேட்கிறோம். அந்த ஜெபம் மனிதனைப் பற்றி எவ்வளவு யதார்த்தமாகத் தெரிந்து வைத்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, சொல்லாமல் விடக் கூடாது. இந்தப் பாதுகாப்பையும் மனிதர்கள் கெடுக்க முடியும். பேரியரின் தரை இணைப்பு ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். பராமரிக்காமல் துருப்பிடித்தால் டையோடு மிச்சத்தைத் தள்ள இடமில்லை. தனியாகப் போக வேண்டிய கேபிளை மற்றக் கேபிள்களோடு சேர்த்துக் கட்டினாலும் ஆபத்து. அதனால்தான் அவற்றுக்கு இளநீல நிறம் கொடுப்பார்கள். குவைத்தில் புதிதாக வந்த பையன்களிடம் என் கணவர் முதல் நாள் சொல்வாராம்: "தம்பி, நீலக் கேபிளில் கை வைக்கும் முன் வரைபடத்தைப் பார். அதில் ஒருத்தர் உனக்காக முன்னாடியே பயந்து வைத்திருக்கிறார்."

*

சென்ற வருடம் செங்ஹெனித் போனேன். வெடிப்பின் நூறாவது ஆண்டான 2013-ல் அங்கே ஒரு தேசிய நினைவிடம் திறந்திருக்கிறார்கள். சரிந்து விழப்போகும் சுரங்கத் தொழிலாளியை மீட்புப் பணியாளர் ஒருவர் தாங்கிப் பிடித்திருக்கும் சிலை. பக்கத்துச் சுவரில் பெயர்கள், வயதுகள். நான் நின்று வாசித்தேன். வார்டில் காலையில் பொறுப்பு மாற்றும்போது ஒவ்வொரு படுக்கையாகப் பெயர் சொல்லி வாசிப்போம், அதே பழக்கத்தில். பதினான்கு என்ற வயது வந்த இடத்தில் நின்றுவிட்டேன். என் மகனுக்கும் அப்போது அதே வயது.

தாளில் படம் வரைந்து காட்டிய பெரியவர் அந்த வாரமே போய்விட்டார். தாளை நான் எறியவில்லை. கதை இன்னும் முடியவில்லை. ஆனால் அந்தப் பாத்திரம் மணியைப் பற்றிப் பேசும் பக்கத்தை எழுதிவிட்டேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கணக்கு சம்பந்தமான கேள்விகளுக்கு என் கணவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், கூப்பிடுகிறேன்.